ரேட்டோவின் கடிகாரத்தை நான் ஏன் வாங்கவில்லை

பழைய கடிகாரத்தில் துரு தெரிந்தால் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது. பின்மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பீல் நகரத்தில் முப்பது வருடம் பல் செட் செய்து பிழைத்தவன் நான். உள்ளே சொத்தை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் அம்மா.

ரெகுலா அதைச் சமையலறைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அவள் கணவன் ரேட்டோ என் நண்பன். ஏப்ரலில் என் படகிலிருந்து ஏரியில் விழுந்து இறந்தான். உடல் கிடைக்க ஐந்து வாரம் ஆனது. கடிகாரமும் அவன் மணிக்கட்டிலேயே ஐந்து வாரம் தண்ணீருக்கடியில் கிடந்திருக்கிறது. கேட்கவே வேதனையாக இருந்தது. கடிகாரத்தைச் சொல்கிறேன்.

"இத வீட்ல வச்சுப் பாக்க முடியல, அன்செல்ம். உங்களுக்குத்தான் இது மேல அவ்வளவு ஆசை. முடிஞ்சதக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க" என்றாள்.

ஆசைதான். ரேட்டோவின் அப்பா வாங்கியது. கறுப்பு முகப்பில் அப்படி இன்னொன்றை நான் கண்டதில்லை. பதினெட்டு வருடம் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வெள்ளை ஒயினை ஊற்றிக்கொண்டே, நான் செத்த பிறகு ரெகுலாவிடம் கேட்டுக்கொள் என்பான். நகைச்சுவை உணர்வு மிக்கவன். அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டேதான் மீன் கழுவுவான். அதற்கெல்லாம் உங்கள் சட்டத்தில் தண்டனை கிடையாது போலிருக்கிறது.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். முட்கள் பழுப்பேறியிருந்தன. முகப்பில் கொப்புளம் கிளம்பியிருந்தது. மூடியைத் திறந்தால் சக்கரங்களில் செம்மண் அப்பியது போலத் துரு. வாங்கலாமா வேண்டாமா என்று உண்மையாகவே தவித்தேன். பாகங்களை மாற்றலாம்; எல்லாவற்றையும் மாற்றிய பிறகு அதில் மிச்சம் என்ன இருக்கும்? எதிரே ரெகுலா விசும்பிக்கொண்டே காபியைக் கலக்கினாள். இந்த மாதிரி நேரத்தில் கவனம் சிதறாமல் யோசிப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

கடைசியில் வேண்டாம் என்றேன். எரிச்சலில் ஒரு வார்த்தை கூடுதலாக வந்துவிட்டது. "கேட்டப்பவே கழட்ட விட்டிருந்தா இது கெட்டே போயிருக்காது. அப்பக்கூட அவ்வளவு பிடிவாதம்."

அவள் கலக்குவதை நிறுத்தினாள். "அப்பன்னா, எப்ப?"

நான் இன்ஜின் பக்கம் குனிந்திருந்தபோது அவன் விழுந்துவிட்டான், திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்றுதான் உங்களிடமும் அவளிடமும் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டு என் தோளில் சாய்ந்து அழுதவள், இப்போது எழுந்து போய் உங்களுக்கு போன் செய்தாள். காபியைக்கூடக் குடிக்கவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். தூண்டிலில் சிக்கிய மீனை எடுக்கக் குனிந்தவன் தவறி விழுந்தான். நான் தள்ளவில்லை. வலது கையால் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினான். நான் பிடித்தேன். என் கண்ணுக்கு நேரே கடிகாரம், தண்ணீர் சொட்டச் சொட்ட. முதலில் இதைக் கழற்றிவிடுகிறேன், உள்ளே தண்ணீர் போய்விடும் என்றேன். கிண்டல் என்று நினைத்துச் சிரித்தான்.

பிறகு சிரிக்கவில்லை. "டேய், கை மரத்துப்போச்சுடா. தூக்குடா."

தோல் வார் ஊறிப்போய்க் கொக்கி அசைய மறுத்தது. என் காலடியில் மிதவை வளையம் இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அதைப் போட்டிருந்தால் என் கையை விட்டுவிட்டு அதைப் பிடித்திருப்பான். அப்புறம் கொக்கியை நான் எப்படி எட்டுவது? இன்னும் அரை நிமிடம் அவன் ஒத்துழைத்திருந்தால் போதும். வலது கை விளிம்பை விட்டது. இடது மணிக்கட்டு என் விரல்களிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது.

நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு திருத்தம். துருப்பிடித்த ஒரு கடிகாரத்துக்காக நண்பனைச் சாகவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அபாண்டம், அம்மா. அன்றைக்கு அதில் ஒரு பொட்டுத் துரு கிடையாது.