சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது

இந்த நினைவேந்தல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று வீற்றிருக்கும் மேட்டு ஊரின் மூத்தவர், ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவர், வணக்கத்துக்குரிய தணிகாசலம் ஐயா அவர்களே! நினைவுக்கல்லைத் திறந்துவைக்க வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருக்கும் அதிகாரிப் பெருமக்களே! தொழிற்சாலையின் சார்பில் மாலையோடு வந்திருக்கும் நண்பர்களே! இடப்பக்கம் நாற்காலிகளில் அமர்ந்திருக்கும் மேட்டு ஊர்த் தாய்மார்களே! வலப்பக்கம் பாய்களில் அமர்ந்திருக்கும் ஈச்சங்கண்டிகை காலனித் தாய்மார்களே! உலையிலே வெந்து, உழைப்பிலே நொந்து, ஷிப்ட் முடிந்ததும் உண்ணாமல் இங்கே வந்து நிற்கும் உடன்பிறப்புகளே! இவ்வளவு பேருக்கும் மேலாக, இந்த மாலை நேரத்தில் கிழக்கிலிருந்து வந்து என் சட்டையை அசைத்துக்கொண்டிருக்கும் கடற்காற்றே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

என்னடா, காற்றுக்கெல்லாம் வணக்கம் சொல்கிறானே என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன வருடம் இதே நாள் காலையில் நாம் அந்தக் காற்றை மதித்திருந்தால், இந்த மேடையில் ஏழு படங்களுக்கு மாலை போட்டிருக்க மாட்டோம்.

என் பெயர் ஜெரால்ட். காக்களூரில் லேத் பட்டறை நடத்துகிறேன். சங்கக் கூட்டமா, கோயில் திருவிழாவா, கல்யாண வரவேற்பா, எந்த மேடை கிடைத்தாலும் ஏறிவிடுவேன் என்று என்னைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இன்றைக்குப் பேச்சாளனாக நான் ஏறவில்லை. அதோ, மூன்றாவது படத்தில் மாலைக்குள் முகம் பாதி மறைந்து சிரிக்கிறாளே ஏஞ்சலின், அவளுடைய அண்ணனாக ஏறியிருக்கிறேன். அவளுடைய கணவர், என் மைத்துனர் இம்மானுவேல், முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளை, நிமிர்ந்து உட்காருங்கள். குனிய வேண்டியவர் நீங்கள் இல்லை.

பெரியோர்களே! பூகோளம் என்றால் என்ன? பள்ளிக்கூடச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த படமா? பரீட்சைக்கு முதல்நாள் மனப்பாடம் செய்த ஆறுகளின் பெயர்களா? இல்லை, தாய்மார்களே, இல்லை! நீங்கள் துணி காயப்போடும் கொடியில் இருக்கிறது பூகோளம். மழை பெய்தால் முதலில் யார் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதோ, அந்த வாசற்படியில் இருக்கிறது பூகோளம். சொல்லப்போனால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே இருக்கிறது. பாய்க்கும் நாற்காலிக்கும் நடுவில் இன்றைக்கு யாராவது கோடு கிழித்தார்களா? கிழிக்கவில்லை. யாராவது அதட்டினார்களா? அதுவும் இல்லை. வந்தோம், அவரவர் பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டோம். நம் கால்களுக்கே வழி தெரிந்திருக்கிறது.

நான் கவரைப்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில்தான் வந்தேன். வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். சாலையைப் போடுகிறார்கள், போடுகிறார்கள், பழசைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுகிறார்கள். சாலை உயர உயர, பக்கத்தில் இருக்கும் வீடு தாழ்ந்துகொண்டே போகிறது. முன்பு படியேறி உள்ளே போன வீட்டுக்கு இப்போது படியிறங்கிப் போகிறார்கள். ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னார், "அது இன்னாத்துக்கு சார் கேக்கறே? ஊட்ட ஒசத்தணும்னா டப்பு வேணும், ரோட்ட ஒசத்தணும்னா டெண்டர் போதும்." கைதட்டாதீர்கள், அவர் அழுதுகொண்டுதான் சொன்னார்.

சரி, நம் கதைக்கு வருவோம். தொழிற்சாலை எங்கே இருக்கிறது? மேற்கே. உங்கள் காலனி எங்கே இருக்கிறது? கிழக்கே. இரண்டுக்கும் நடுவில், கம்பெனி கேட்டை ஒட்டி, கம்பெனிப் பேருந்துகள் வந்து திரும்பும் இந்த மைதானம் எங்கே இருக்கிறது? பள்ளத்தில்! மேட்டு ஊரும் ஏரிக்கரையும் எங்கே? தெற்கே, உயரத்தில்! யார் அளந்து வைத்தது இதை? நெல் விளைந்த காலத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் மேட்டில் வீடு கட்டினார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்ட நம் முன்னோர்களுக்குப் பள்ளத்தைக் காட்டினார்கள். தண்ணீருக்குச் சாதி தெரியாது ஐயா. ஆனால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று சாதிக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. உண்மையைச் சொன்னால் உடம்பு எரியத்தான் செய்யும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

(ரயில் போகட்டும். நான் கத்தினாலும் அது நிற்கப்போவதில்லை.)

இந்தச் சீமையில் காலைக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகும். மதியம் சாப்பிட்டுக் கைகழுவும் நேரத்துக்குத் திரும்பிக்கொள்ளும், பழவேற்காட்டுப் பக்கமிருந்து கடற்காற்றாக வரும். இதைக் காலனிப் பெண்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. இம்மானுவேலின் வெள்ளைச் சட்டையை ஏஞ்சலின் காலையில் காயப்போடவே மாட்டாள். "காலைல போட்டா கரி வந்து ஒட்டிக்கும்ணா, மத்தியானமா போட்டா பளிச்சுனு கீது பாரு" என்பாள். இங்கே பாயில் இருக்கும் எந்தத் தாயைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். துணி விஷயத்தில் காற்றைத் தெரிந்துவைத்திருந்தோம். உயிர் விஷயத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

அன்றைக்குக் காலை. நாஷ்டா நேரம். தண்ணீரைச் சுத்தம் செய்யும் மருந்து தயாரிக்கிற அந்தத் தொழிற்சாலையில் குளோரின் உருளை ஒன்று கசிந்தது. உள்ளே இருந்தவர்கள் ஆபத்து என்று அறிவிக்கச் சங்கு ஊதினார்கள். நன்றாகக் கேளுங்கள் அதிகாரிகளே, ஆபத்து என்று சொல்லத்தான் ஊதினார்கள்! ஆனால் இந்தக் காலனிக்கு அந்தச் சங்கு வேறு பாஷையில் பேசிப் பழகியிருந்தது. நேரம் தவறிச் சங்கு ஊதினால் என்ன அர்த்தம்? திடீரென்று லோடு வந்திருக்கிறது, ஆள் வேண்டும் என்று அர்த்தம். கான்ட்ராக்டர் கேட்டில் நிற்பார், முதலில் போய் நிற்பவருக்கு வேலை, பிந்தி வந்தவருக்கு வெறுங்கை. வருடக்கணக்காக அப்படித்தான் நம்மை ஓட வைத்தார்கள்.

லோகு பின்னால் நிற்கிறான். லோடு ஏற்றும் தொழிலாளி, நல்ல பிள்ளை. சங்கு கேட்டதும் தான் மட்டும் ஓடவில்லை அவன். வீடு வீடாகக் கதவைத் தட்டினான். "லோடு வந்துகீது! எய்ந்து வாங்க! மொதல்ல போனாத்தான் ஆளு எடுப்பான்!" அடுத்தவரும் பிழைக்கட்டும் என்று கூப்பிட்டான். கையில் தூக்குச்சட்டியோடு, பாதி இட்லி வாயில் இருக்க, நம் ஜனம் ஓடியது. எங்கே? புகை வந்த திசைக்கே! வாங்கவே கூடாத மூச்சை வாங்கிக்கொண்டு, வந்துகொண்டிருந்த நஞ்சுக்கு எதிரே ஓடிப்போய், இந்த மைதானத்தில் வரிசையில் நின்றது. ஆபத்து என்று சொன்ன சங்கை நம்பி ஆபத்தின் வாசலில் போய் நின்ற ஊர் வேறெங்காவது உண்டா? லோகு, உன்னைக் குற்றம் சொல்லவில்லையடா. அழாதே. யாராவது அவனுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

அந்தப் புகை மேலே போகாது. கனமானது. தரையோடு தரையாகத் தவழ்ந்து, பள்ளம் எங்கே என்று தேடிப் போய்ப் படுத்துக்கொள்ளும். தப்பிக்க ஒரே வழி, காற்றுக்குக் குறுக்கே திரும்பி மேட்டில் ஏறுவது. ஏஞ்சலினுக்கு அது சட்டென்று உறைத்திருக்கிறது. பக்கத்து வீட்டு முத்தம்மா அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெற்கே, ஏரிக்கரையைப் பார்த்து ஓடியிருக்கிறாள். இந்த மைதானத்திலிருந்து நூறு கஜம்கூட இருக்காது. நடுவில் தணிகாசலம் ஐயாவின் நிலம். கரைக்கு ஏறும் பாதையில் அவருடைய இரும்பு கேட். கேட்டின் தலையில் முள்கம்பி. கேட்டில் பூட்டு.

அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்லக்கூடாது. முத்தம்மா அக்கா மூச்சிரைக்க மூச்சிரைக்க என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "'ஏறு யக்கா'ன்னா. 'எனுக்கு முட்டி வலிடி, நீ ஏறிப் போய்க்கினே இரு'ன்னேன். கேக்கல. குனிஞ்சி முதுகக் காட்னா. அந்த முதுகு மேல காலு வெச்சித்தான் தம்பி நானு அந்தாண்ட உயுந்தேன். திரும்பிப் பாத்தா, கம்பியப் புட்சிக்கினு நின்னுக்கினு இருந்தா. அப்பறம் பாத்தேன். கம்பி மட்டுந்தான் இருந்திச்சி."

அம்மா தாயே! அந்த முதுகை நான் சின்ன வயதில் தூக்கிச் சுமந்திருக்கிறேன்.

இல்லை, முடிக்கச் சொல்லி மணியடிக்காதீர்கள். இன்னும் இருக்கிறது.

தணிகாசலம் ஐயா கெட்டவர் இல்லை. அன்றைக்கு மூச்சுத் திணறியவர்களைத் தன் டிராக்டரில் அள்ளிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். கண் சிவக்க, இருமி இருமி ஓட்டினார். அதை மறந்தால் எனக்கு நாக்கு அழுகும். அந்தக் கேட்டையும் அவர் வன்மத்தால் பூட்டவில்லை. காலனி ஆடுகள் நெல்லில் வாய்வைக்கின்றன என்று பூட்டினார். ஆனால் ஐயா, உங்களை ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தீர்கள். ஏழு பேரை அடக்கம் செய்யும்போது கூடவே நின்றீர்கள். வருடம் ஒன்று போய்விட்டது. அந்தப் பூட்டு இன்றைக்கும் தொங்குகிறதே, ஏன் ஐயா? மதியம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேடை ஏறினேன். வெயிலில் சுட்டது.

இன்னொன்றையும் பாருங்கள், மகாஜனங்களே! என் வலதுகைப் பக்கம் நினைவுக்கல். அதை ஒட்டிப் பச்சைத் துணியால் மூடி வைத்திருக்கிறார்களே, அது என்ன? புது அறிவிப்புப் பலகை. துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டேன், மன்னியுங்கள். "அவசர காலத்தில் அனைவரும் இங்கே கூடவும்" என்று எழுதியிருக்கிறது. இங்கே! எந்த மண்ணில் நம் ஜனம் வாயில் நுரைதள்ளி விழுந்ததோ, அதே பள்ளத்தில்! ஏன் இங்கே என்று கேட்டேன். வண்டி வந்து திரும்ப வசதியாம். வண்டிக்கு வசதி பார்த்தீர்கள், காற்றைப் பார்த்தீர்களா? பேருந்து திரும்பும் வட்டத்தை அளந்தீர்கள், புகை படுக்கும் பள்ளத்தை அளந்தீர்களா? அடுத்த முறை சங்கு ஊதினால், பலகையை நம்பி இந்தப் பிள்ளைகள் இங்கே வந்து நிற்பார்கள். பக்கத்திலேயே கல்லும் தயாராக நிற்கிறது, பெயர் வெட்ட இடமும் நிறைய விட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் கல் வேண்டாம். மாலை வேண்டாம். என் தங்கையின் பெயரில் நான் கேட்பது இரண்டே இரண்டு. பலகையைக் கரைமேல் நடுங்கள். அந்தக் கேட்டைத் திறந்துவிடுங்கள். ஆடு மேய்ந்தால் நெல் மறுபடி முளைக்கும் ஐயா. ஏஞ்சலின் முளைப்பாளா?

ஐயா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறார். காத்திருக்கிறேன். அவசரமில்லை, காற்று திரும்பும் வரை நேரம் இருக்கிறது.

யார் அது, நாற்காலிப் பக்கம் எழுந்து நிற்பது? ஈஸ்வரி அம்மாவா? ஐயாவின் துணைவியார். கொஞ்சம் அமைதி, அம்மா ஏதோ சொல்ல வருகிறார்கள். மைக் வேண்டாமா? சரி, அங்கிருந்தே சொல்லுங்கள்.

கேட்டீர்களா, கடைசி வரிசைக்குக் கேட்டதா? நானே திருப்பிச் சொல்கிறேன். "அன்னிக்கு நான் மாடியில துணி எடுக்கப் போனேன். அந்தப் பொண்ணு கம்பியப் புட்சிக்கினு நின்னத நானும் பாத்தேன். சாவி என் இடுப்புலதான் இருந்திச்சி. எறங்கி ஓடியாறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சி போச்சி. இந்தா, இன்னிக்கும் என் இடுப்புலதான் கீது. அவரு இன்னா சொன்னாலும் சரி, நான் போயி தொறக்கறேன்" என்கிறார்கள்.

அம்மா... நடங்கள், அம்மா.

ஐயாவும் எழுந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டுகிறார். நல்லது ஐயா, நீங்களும் வாருங்கள்.

இனி எதற்குப் பேச்சு? எழுந்திருங்கள் எல்லோரும். நாற்காலி கிடக்கட்டும், பாய் கிடக்கட்டும். முத்தம்மா அக்காவை முன்னால் விடுங்கள், முட்டி வலி இருக்கிறது, மெதுவாக வரட்டும், இன்றைக்கு யார் முதுகிலும் அவர் ஏற வேண்டாம். லோகு, நீ அந்தப் பலகையைப் பிடுங்கித் தோளில் வை. கனமாக இருந்தால் அதிகாரிகள் ஒரு கை பிடிப்பார்கள், பிடிக்கட்டும். மாப்பிள்ளை, ஏஞ்சலின் படத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நம் பிள்ளைகள் இன்றைக்கு நடந்து பார்த்துக்கொள்ளட்டும். தலைமைக்கும், தாய்மார்களுக்கும், இவ்வளவு நேரம் பொறுத்திருந்த உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டிய நன்றியும் வணக்கமும் என் நெஞ்சிலேயே இருக்கின்றன. கரைமேல் ஏறி நின்று சொல்கிறேன். இந்தப் பள்ளத்தில் நின்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.