அவலூர்பேட்டைக்குப் போன பாட்டில்கள்

செஞ்சியில் பஸ் ஏறியதிலிருந்தே முன் சீட்டுப் பெண் மடியிலிருந்த துணிப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பையில இன்னாடி?” என்றாள் பக்கத்தில் இருந்த அவள் தெருக்காரி.

“காலி பாட்டிலுங்கக்கா. அவலூர்பேட்டையில போட்டுட்டு வரப்போறேன்.”

“நம்ம தெருவுக்கே குப்பை வண்டி வருதே?”

“இப்பதான் கண்ணாடிய தனியா வாங்குறாங்களே. நம்ம வூட்டு பாட்டில தெருவே பாக்குது. நாளைக்குப் பொண்ணு வூட்டுக்காரங்க வராங்க. அக்கம்பக்கத்துல விசாரிப்பாங்க இல்ல?”

“உன் வூட்டுக்காரரு குடிய விட்டுட்டாருன்னியே?”

“அவரு விட்டுட்டாரு. இது பையன் குடிச்சது.”



“யாருக்குப் பொண்ணு பாக்குறீங்களோ, அவனாடி?”

“அவன்தான்.”

“அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா கட்டிக்குமாக்கா?”

தெருக்காரி அவள் முகத்தையே பார்த்தாள். அவலூர்பேட்டை வர இன்னும் நேரமிருந்தது. அவளோ பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுகொண்டாள்.