சாய்வில விளக்கு நிக்காது

இல்லை பௌஸி நானா, நிலையத்துக்கு இப்ப வேண்டாம். முதல்ல காரைக் கிருலப்பனைக்கு விடுங்கோ, நாகேந்திரம் அண்ணையிட்ட ஒருக்காப் போட்டு வருவம். அந்தப் பை கவனம், கசங்கக் கூடாது. ஓம், ரேடியோவில நியூஸ் வாசிச்ச அதே நாகேந்திரம்தான். எங்கட வெள்ளவத்தை ஊடக நிலையம் எழும்பினதே அவற்ற புண்ணியத்தில. சீமெந்துக்கும் கம்பிக்கும் கடை கடையாப் பல்லைக் காட்டித் திரிஞ்சது அந்த மனிசன். எங்கட சனம் கதைக்கவும் பதியவும் ஒரு இடம் வேணுமெண்டு ஒரே பிடி. கடைசியில சுகர் வந்து ஒரு காலைத் திண்டுபோட்டுது. இப்ப வீல்செயார்தான்.

மெதுவாவே போங்கோ. திறப்பு விழா பின்னேரம்தானே.

என்ன? ஓம், வாசல்ல சாய்வுப் பாதை இருந்ததுதான். நீங்களும் கண்டனீங்களோ? வீல்செயார் ஏறத்தான் கட்டினது. போன கிழமை உடைச்சாச்சு, இப்ப அதில மாபிள் படி. ஐயோ, அதையேன் கேக்கிறியள்! விழாவெண்டா வாசல்ல நிறைகுடம் வைக்கவேணும், குத்துவிளக்கு வைக்கவேணும், பிரதம விருந்தாளி விளக்கேத்தேக்க எல்லாரும் சுத்தி நிண்டு படம் எடுக்கவேணும். எங்கட ஆக்களுக்குப் படம் வடிவா வராட்டி விழாவே நடக்காத மாதிரி. சாய்வில விளக்கு நிக்காது எண்டு கமிட்டியில ஒராள் சொல்ல, மற்ற ஆக்கள் தலையாட்டிப்போட்டினம்.

ஆரோ? நான்தான். செக்ரட்டரி நான்தானே.

கண்ணாடிக்குள்ளால என்னைப் பாராதைங்கோ, றோட்டைப் பாருங்கோ. அண்ணை எப்பிடி ஏறுவாரெண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு அந்த இடத்திலயே ஞாபகம் வந்தது நானா. வாய் திறக்கேல்லை.

தூக்கியோ? ஓம், நீங்களும் இன்னொராளுமாத் தூக்கலாம்தான். உங்களுக்கு நல்ல மனம். ஆனா வேண்டாம். விருந்தாளிக்குச் சுகமில்லை, விழாவைத் தள்ளிப்போட்டாச்சு எண்டு சொல்லத்தான் போறன். போனிலயோ? அந்த மனிசன் வாழ்நாள் முழுக்கக் குரலோட கிடந்த ஆள். நான் ஹலோ எண்டாலே, தங்கச்சி என்னத்தை ஒளிக்கிறாய் எண்டு கேட்டிடுவார். நேரில எண்டா வாயைத் துடைக்கிற மாதிரிச் சமாளிக்கலாம். அதுக்குத்தான் பட்டுச்சாறியைப் பைக்குள்ள வைச்சு, வீட்டுச் சாறியோட வாறன். நாளைக்கு அறிஞ்சாலோ? நாளையான் கதையை நாளைக்குப் பாப்பம்.

ஏனெண்டா, இண்டைக்கு விழாவில நிலையத்தின்ர முதல் ஒலிபரப்பை வாசிக்கிறது அவர். அவர் வராட்டி நான். அவ்வளவுதான் விசயம். எத்தினை வருசம் அவருக்குப் பக்கத்தில மைக்கைத் திருத்தி வைச்சு, தண்ணி எடுத்துக் குடுத்திருப்பன். ஒருக்காத் தன்னும், நீ வாசி எண்டு சொன்னதில்லை. எனக்கும் குரல் இருக்கெல்லே?

இந்த ஒழுங்கைதான், இடப்பக்கம். மெல்ல, மெல்ல... ஐயோ கடவுளே. கேற்றடியிலயே வந்து இருக்கிறார். வேட்டி, சால்வை, சந்தனப் பொட்டு. வந்து கூட்டிக்கொண்டு போறனெண்டு சொன்னது நான்தானே.

கை காட்டுறார் நானா. அந்தப் பையை உங்கட சீற்றுக்குக் கீழ தள்ளிவிடுங்கோ.