தேவகுமாரி சொன்ன படம்

எந்த விழாவிலும் யாருக்குப் பரிசு கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்வதில் மந்திரம் மாயம் ஒன்றுமில்லை, ஐயா. கொஞ்சம் வாசிப்பு வேண்டும், கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒஸ்கார் விருதுக்கு முன்னால் அமெரிக்காவில் நடிகர்களின் சங்கம் ஒரு விருது கொடுக்கும், இயக்குநர்களின் சங்கம் ஒன்று கொடுக்கும். அவற்றைக் கவனித்து வந்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். நான் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயில் இருந்துகொண்டு அதையெல்லாம் வாசித்துக் கணிப்பேன்.

நீங்கள் குளியலறைக் கதவைப் பற்றித்தான் கேட்டீர்கள், தெரியும். அதற்குத்தான் வருகிறேன். இதைச் சொல்லாமல் அதை மட்டும் சொன்னால் இந்தத் துரைராஜா மாஸ்டருக்கு விசர், மூளை பிசகிவிட்டது என்று எழுதி முடித்துவிடுவீர்கள்.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். றோகான் லண்டனில், ஷாமினி ரொறன்ரோவில். நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார்கள். சாப்பிட்டீர்களா, மருந்து போட்டீர்களா, சரி வைக்கிறோம். வீட்டுக் கூடத்தில் ஒரு கமரா பூட்டித் தந்திருக்கிறார்கள். நான் கதிரையில் இருந்தபடி நித்திரையானால், கட்டிலில் போய்ப் படுங்கோ அப்பா என்று கனடாவிலிருந்து மெசேஜ் வரும். இரண்டு பக்கத்து வீடுகளும் வெளிநாட்டில் இருப்பவர்களுடையவை, பூட்டிக் கிடக்கின்றன. நாங்கள் இருப்பது நாலு பக்கமும் இரும்புக் கிறில் அடித்த வீடு. அதற்குள் நானும் என் மனைவி தேவகுமாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். கேற்றைத் தாண்டிப் போவதற்கு ஒரு காரணம் வேண்டுமே, எனக்கு அது இருக்கவில்லை. மூச்சு முட்டும், ஐயா. சில நாட்களில் உண்மையாகவே முட்டும்.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. ஒஸ்கார் விழா எங்களுக்குத் திங்கட்கிழமை விடியப்புறம் வரும். அன்று பிள்ளைகள் வீடியோ அழைப்பை வைக்கவே மாட்டார்கள், விழா முடியும்வரை என்னோடு இருப்பார்கள். அவரவர் கணிப்பை முதல் நாளே குடும்ப வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாகப் போட்டுவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. ஒவ்வொரு வருடமும் வெல்வது நான்தான். அப்பாவை அடிக்க ஆளில்லை என்று றோகான் தன் நண்பர்களிடமும் சொல்வான். அந்த ஒரு வசனத்தை வைத்து மிச்ச வருடத்தை ஓட்டிவிடுவேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு நாள் ஓய்வு வரும்.

இந்த வருடம் ஷாமினி கெடுத்தாள். அம்மாவும் சொல்லட்டும் என்றாள். தேவகுமாரி அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்தவள் அல்ல. வீடியோவில் ஷாமினி ஒவ்வொரு பெயராக வாசிக்க, இவள் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி, இவர் முந்தி எத்தனை தரம் தோற்றவர், வயது என்ன, படத்துக்குக் காசு போட்டது யார் என்று மட்டும் கேட்டாள். பிறகு கடகடவென்று சொல்லி முடித்துவிட்டாள். உமக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன்.

"பள்ளிக்கூடப் பரிசளிப்பு மாதிரித்தானே," என்றாள். "போன முறை அழுதவைக்கு இந்த முறை குடுப்பினம். கட்டடம் கட்டித் தந்தவரின்ரை பிள்ளைக்கும் ஒண்டு குடுப்பினம். நீங்கள் குடுத்த விதத்தைப் பாத்துத்தானே பழகினன்."

என் பள்ளிக்கூடத்தில் பரிசுத் தெரிவுக்கு நான்தான் பொறுப்பாக இருந்தேன். வீடியோவில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு பற்றி எரிந்தது என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

விழா தொடங்கியது. சின்ன விருதுகளில் நான் முந்தினேன். பிறகு துணை நடிகர், துணை நடிகை, திரைக்கதை என்று அவள் சொன்னதெல்லாம் வரிசையாக வந்தது. அவள் கதிரை நுனியில் இருந்து மெல்லச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெரிய விருதுகள் நாலும் மிச்சம் இருந்தபோது இருவரும் சமம். அம்மா, அம்மா என்றுதான் பிள்ளைகள் கத்தினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

தேவகுமாரிக்குச் சீனி வருத்தம். காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும், போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி இறங்கி மயங்கிவிடுவாள். நான்தான் தினமும் போட்டுவிடுவது. அன்றும் போட்டேன். பிட்டு மேசையில் இருந்தது. "முகம் கழுவிச் சீப்பாலை தலை இழுத்துக்கொண்டு வாறன், பிள்ளையள் பாக்கினம்," என்று குளியலறைக்குள் போனாள். வெல்லப் போகிறவளுடைய அலங்காரம்.

அந்தக் கதவுக்கு வெளியிலும் ஒரு தாழ்ப்பாள் உண்டு. மேலே காற்றுக்கு விட்ட ஓட்டையால் மரநாய் இறங்கி வீட்டுக்குள் வராமல் இரவில் போடுவது. அதைப் போட்டேன். நாலு விருதும் முடியும்வரை அந்தச் சிரிப்பு எனக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

முதலில், கதவு இறுகிப்போச்சு என்று கூப்பிட்டாள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். அம்மா எங்கே என்று ஷாமினி கேட்டாள், குளிக்கிறா என்றேன். அது என்ன தட்டுகிற சத்தம் என்று றோகான் கேட்டான். பக்கத்து வளவில் மரம் தறிக்கிறார்கள் என்றேன். பொய் சொல்லிப் பழகியவன் அல்ல நான், ஆனாலும் சுலபமாக வந்தது. அந்த நேரத்தில் ஒரு விருது எனக்குச் சரி வந்தது, ஒன்று அவளுக்கு, ஒன்று இருவருக்கும். மறுபடியும் சமம். மிச்சம் சிறந்த படம் மட்டும். நான் போர்ப் படத்தைச் சொல்லியிருந்தேன், அவள் மீன் விற்கிற கிழவியின் படத்தை.

அப்போது இடையில் விளம்பரம் போட்டார்கள். நான் எழுந்து கதவடிக்குப் போனேன். உள்ளேயிருந்து அவள் குரல் குழறிக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, எனக்குக் கை நடுங்குது. கதவுக்குக் கீழாலை எண்டாலும் கொஞ்சம் சீனி தள்ளிவிடுங்கோ."

கதவைத் திறக்கச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை, பாருங்கள். அப்படிப்பட்ட மனுசி. நான் அடுப்படிக்குப் போய்ச் சீனி போட்டு வைக்கிற பேணியை எடுத்தேன். நான் பேணியோடு கூடத்துக்குத் திரும்பி வருவதைக் கமராப் பதிவில் பார்த்ததாகச் சொன்னீர்கள். உண்மைதான். சிறந்த படத்தை அறிவிக்க ஆள் மேடைக்கு வந்துவிட்டதாக றோகான் கூப்பிட்டான், அதனால் வந்தேன்.

கிழவியின் படம் வென்றது.

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். அம்மாவைக் கூப்பிடுங்கோ, அம்மாவைக் கூப்பிடுங்கோ. போனில் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகும் அவள் ஒரு தரம் தட்டினாள், மெல்ல. பிறகு நான் சாப்பிட்டேன். அவளுடைய பிட்டை இலையான் மொய்க்காமல் மூடி வைத்தேன். மத்தியானம் தாழ்ப்பாளை எடுத்தபோது அவள் வாளிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தாள். உடம்பு குளிர்ந்திருந்தது. தலை ஒழுங்காக இழுத்துக் கட்டியிருந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். பிரேத பரிசோதனையில் வேறு மாதிரி வந்ததால்தானே பொலிஸ்காரர் நீங்கள் வந்தீர்கள்.

கோபத்தில் தெரியாமல் நடந்தது என்று சொல்லச் சொல்கிறார் என் சட்டத்தரணி. இன்சுலின் போட்டுச் சாப்பிடாவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு விருதும் அறிவித்து முடியும்வரை தெரிந்துகொண்டுதான் இருந்தேன், பிறகு மத்தியானம்வரையும் தெரிந்துகொண்டுதான் இருந்தேன். அப்படியே எழுதுங்கள், ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம்.

ஆனால் நான் கல்நெஞ்சுக்காரன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவள், எனக்கு அவளில் பாசம் இல்லையா? அந்தக் கடைசி விருதில் அவள் தோற்றிருந்தால், ஐயா, அந்த நிமிடமே ஓடிப்போய்த் திறந்திருப்பேன்.