சோப்பு டப்பா

இந்த அறையில் எதிரொலி கொஞ்சம் அதிகம், மேடம். நீங்கள் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் சுவரில் முட்டி இன்னொரு தடவை என் காதுக்கு வருகிறது. ஒலியை விழுங்கும் பஞ்சு கூம்பு கூம்பாகக் கடையில் கிடைக்கும். வாங்கி ஒட்டிவிடுங்கள், அடுத்து வருகிறவருக்காவது உதவும்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது வேறு பஞ்சு. அது ரேடியோ அலையை விழுங்கும். சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் அதை ஒட்டிய ஒரு அறைக்குள் ஆன்டெனாவை வைத்து, அது எவ்வளவு தூரம் பேசும் என்று அளப்போம். நீங்கள் மேஜைமேல் வைத்திருக்கும் கருப்புத் துண்டு அந்தச் சுவரில் இருந்ததுதான். வெட்டியது நான். சுவரில் மொட்டையாக நின்ற கூம்பைப் பார்த்து எங்கள் டெக்னீஷியன், "எலி கடிச்சிருக்கு சார்" என்றார். "பொறி வைங்க" என்றேன். வைத்தார். பாவம், எலிக்குத்தான் கெட்ட பெயர்.

விண்கலத்துக்கு ஆன்டெனா செய்வது என் வேலை. எங்கள் இயக்குநருக்கு அதைப் பற்றித் தெரிந்தது ஒரே வாக்கியம்: "இன்னும் சின்னதா வேணும்." செய்து கொடுப்பேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார். ஒருநாள் ஆன்டெனாவே இல்லாத ஆன்டெனா கேட்பார் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் வெள்ளை மூடி போட்ட சின்னச் சின்னப் பெட்டிகளாகச் செய்தேன். பக்கத்தில் பக்கத்தில் செருகினால் ஒரே ஆன்டெனா. ஒன்று கெட்டால் கலத்துக்கு உள்ளிருந்தே உருவிவிட்டு உதிரியைச் செருகலாம். என் தலைமுடியெல்லாம் போனது அந்தப் பெட்டிகளுக்காகத்தான்.

அந்தக் கலத்தை ஓட்டப் போனது என் மச்சினன். என் மனைவியின் தம்பி. நல்ல பையன், வாய்தான் மூடாது. போவதற்கு முன் எங்கள் வீட்டு விருந்துக்கு டிவிக்காரர்கள் வந்திருந்தார்கள். கேமரா முன்னால் என் பெட்டி ஒன்றைத் தூக்கிக் காட்டி, "எங்க அத்தான் செஞ்சது. பயப்படாதீங்க, மேல குளிக்கிறதுக்கு சோப்பு டப்பா குடுத்திருக்காரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை வாசல் காவலாளி, "வணக்கம், சோப்பு டப்பா சார்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

எனக்குக் கோபமில்லை. அன்று சாயங்காலமே அவனை உட்காரவைத்து, "மாப்பிள்ளை, மூடியைத் திறந்து உள்ள எப்படி இருக்குன்னு காட்டறேன், பாரு" என்றேன். "உள்ள என்ன இருக்கும் அத்தான், சோப்புதானே?" என்று எழுந்து போய்விட்டான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், மேடம். நான் காட்டுகிறேன் என்றேன்.

பிறகு செய்தது எளிய வேலை. பெட்டிகளெல்லாம் ஒரே மாதிரி என்பதால், ஒன்றை மட்டும் பஞ்சு அறையில் வைத்து முழுதாகச் சோதிப்பது எங்கள் வழக்கம். மற்றவற்றுக்கு மீட்டர் போதும். அனுப்பிய சக்தி வெளியே போகாமல் திரும்பி வருகிறதா என்று மீட்டர் பார்க்கும். திரும்பாவிட்டால் பாஸ். அறைக்கு நல்ல பெட்டியை அனுப்பினேன். கலத்துக்குப் போனவற்றில் பஞ்சைச் சீவி மூடிக்கு அடியில் வைத்தேன். எடை கூடக்கூடாது என்று மூடியின் உட்புறத்தைச் சுரண்டினேன். பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கியதால் எதுவும் திரும்பவில்லை. அலை வெளியே போனதா, உள்ளேயே செத்ததா என்று மீட்டருக்குத் தெரியாது. "இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல" என்று இயக்குநர் என் தோளில் தட்டினார். வாழ்க்கையில் முதல் தடவை.

ஏவுதளத்தில் பக்கத்தில் நின்று பேசியபோது பஞ்சைத் தாண்டிக் கொஞ்சம் கேட்டது. கலம் கிளம்பித் தூரம் போகப் போக அவன் குரல் தேய்ந்தது. "அத்தான் டப்பா சூப்பர்" என்பதுதான் கடைசியாகக் கேட்டது. கிண்டலா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோளாறைக் கண்டுபிடிக்க இயக்குநர் என்னைத்தான் கூப்பிட்டார். "சார், நீங்கதான் காப்பாத்தணும்" என்றார். அன்று அந்தக் கட்டடத்தில் ஒருவரும் சோப்பு என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போனால் மனைவி, "ஏங்க, தம்பி பேசலையாமே, உங்க பெட்டி சரியாத்தானே இருக்கு?" என்றாள். "மீட்டர்ல சுத்தமா இருந்துச்சு" என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

உதிரிப் பெட்டியைப் பற்றிக் கேட்டீர்கள். அதிலும் பஞ்சு இருக்கிறது. அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அவனைக் காப்பாற்ற வழி உண்டா என்றால், உண்டு. கலத்தை எப்போது திருப்ப வேண்டும் என்று தரையிலிருந்து நாம்தான் சொல்ல வேண்டும். அது அவனுக்குக் கேட்க, பெட்டியை உருவி, மூடியை நெம்பி, பஞ்சைப் பிய்த்து எறிந்தால் போதும். சின்ன வேலை, விரலாலேயே செய்யலாம். இதை அவனுக்கு எப்படிச் சொல்வது என்கிறீர்கள். அதுதான் சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் செருகியிருப்பான், உருவியிருப்பான், மறுபடி செருகியிருப்பான். திறந்து மட்டும் பார்த்திருக்க மாட்டான். உள்ளே சோப்புதான் என்று அவனுக்குத் தெரியுமே. அன்றைக்கு எழுந்து போகாமல் உட்கார்ந்து பார்த்திருந்தால் இன்றைக்குத் தானே திறந்திருப்பான். நான் சின்னதாகத்தான் ஒரு பாடம் வைத்தேன். படிக்காதது அவன்.

என் கைபட்ட பொருளைப் பற்றி எங்கே வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பயன்படுத்துகிறவனிடமிருந்து இந்த நிமிஷம் வரை ஒரு புகாரும் வரவில்லை.