அசலைத் தொட்ட அட்டை

எனக்குக் கை கழுவும் பழக்கம் கொஞ்சம் அதிகம். எண்ணூர் ரசாயனத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்களுக்கு அது புரியும். லூயிஸ் செத்ததை என் கவனக்குறைவு என்று விசாரணை அறிக்கையில் எழுதப்போகிறீர்களாமே, ஐயா. அதைக் கேட்டதும் எனக்கு ஆத்திரமாக வந்தது. அதனால்தான் நானே வந்தேன்.

அங்கே கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். வாயுத் தொட்டியின் அழுத்தத்தை இரவெல்லாம் மணிக்கொருதரம் குறித்து, காலையில் கம்ப்யூட்டர் படிக்கும் அட்டைகளில் துளையிட்டுத் தருவார்கள். மேனேஜர் பக்தவச்சலத்துக்கு மேடுபள்ளமில்லாத வரைபடம் வேண்டும். அதற்காக ஒவ்வொரு எண்ணையும் அக்கம்பக்கத்து எண்களோடு சேர்த்துச் சராசரியாக்குவோம். பிறகு அசல் பட்டியலைச் சோதித்து, எந்த எண்ணாவது எல்லை மீறியிருந்தால் ‘தொட்டியைத் திறக்காதே’ என்று அச்சாகும். திறக்கிறவன் லூயிஸ்.

புரோகிராமில் சராசரி போடும் பகுதிக்குப் பட்டியலைக் கொடுத்தால் அது தனியாக நகல் எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். எடுக்காது. பட்டியல் இருக்கும் இடத்தைத்தான் அதற்குக் காட்டுகிறோம். அங்கேயே பழைய எண்ணை அழித்துச் சராசரியை எழுதிவிடும். ராயபுரத்தில் ஒரே பையனுக்கு வீட்டில் ஒரு பெயர், ஞானஸ்நானத்தில் ஒரு பெயர். எந்தப் பெயரைச் சொல்லி அடித்தாலும் முதுகு ஒன்றுதான். அசல் பிழைக்க வேண்டுமானால் நாமே நகலெடுத்து, அந்த நகலைக் கொடுக்க வேண்டும். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

லூயிஸ் தினமும் காலையில் என் அறைக்கு வருவான். ஈர பூட்ஸ், புகையிலை எச்சில், அழுகின முட்டை நாற்றம். மூக்கைத் துடைத்த விரலால் அச்சான தாளைத் தடவி, "இன்னா சார் சொல்லுது உன் மிசினு?" என்பான். அவன் போனபின் தாளை இடுக்கியால்தான் எடுப்பேன். ஒருநாள் அவன் மனைவி ரோசி வறுத்த இறாலை இலையில் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தாள். "உனக்கோசரம் தான் சார். உன்னாலதான் நான் உசுரோட வூட்டுக்குப் போய்கினு கீறேன்னு ரோசி சொல்லும்." எண்ணெய் என் மேசையில் வழிந்தது. பொட்டலத்தை அப்படியே ஜன்னல் வழியாக எறிந்தேன்.

என் புரோகிராமும் அட்டைகளில்தான் இருக்கும். அன்று மாலை, அந்த அடுக்கிலிருந்து நகலெடுக்கும் அட்டைகளை உருவினேன். அசல் பட்டியலையே சராசரிக்குக் கொடுக்கும்படி ஒரே ஒரு அட்டையைப் புதிதாகத் துளையிட்டுச் செருகினேன். இதைக் கவனமில்லாதவன் செய்ய முடியுமா? வரைபடம் முன்புபோலவே அழகாக வந்தது. நான் காத்திருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை விடிகாலை மூன்று மணி அழுத்தம் எகிறியிருந்தது. அட்டையிலேயே பார்த்துவிட்டேன். சராசரியில் அது கரைந்து எல்லைக்குள் அடங்கிவிட்டது. சோதனை அந்தக் கரைந்த எண்ணைத்தான் பார்த்தது. எச்சரிக்கை வரவில்லை.

"போலாமா சார்?" என்று லூயிஸ் கேட்டான்.

"தாள் சுத்தமா இருக்கு. போ."

தொட்டியைத் திறந்ததும் வாயு பீறிட்டது; அவனை எப்படித் தூக்கிவந்தார்கள் என்று சொல்ல வேண்டாம். முகத்தைப் பார்த்ததும் போய்க் கை கழுவினேன்.

அவன் சாக வேண்டுமென்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ஐயா. என் அறைக்கு இனி வரக்கூடாது என்றுதான் நினைத்தேன்.