தாடி எடுத்த நேரம்

பாண்டிச்சேரி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், புதிதாகச் சவரம் செய்த கன்னங்கள் சிவந்து தடித்திருந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். அனுமந்தையில் ஏறிய இளைஞன் அவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா பிரசவ வார்டுல இருக்குது. நீங்க தாடிய எடுத்துட்டு வர்றீங்களா மாமா?"

"எரிச்சல் தாங்கலடா. வெங்காயச் சாறு, கிராம்பு எல்லாம் போட்டு தாடிக்கு நானே எண்ணெய் காய்ச்சினேன். அதத் தடவிக்கிட்டு உப்பளத்துல இறங்கிட்டேன். உப்புத்தண்ணி பட்டதும் மூஞ்சே வெந்துபோச்சு."

"புள்ள பொறக்குற வரைக்கும் கத்தி படக்கூடாதுன்னு தெரியாதா? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா எங்கம்மா உங்கள சும்மா விடுமா?"

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரையில் மாமியார் பெயர். பேசாமலே பைக்குள் திரும்ப வைக்கப் போனார். இளைஞன் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"பொண்ணு பொறந்திருக்குது மாப்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. விடியக்காலையிலயே பொறந்துடுச்சு. அப்பலேர்ந்து அடிக்கிறேன், உங்க ரெண்டு பேருக்கும் லைனே கிடைக்கல."

இளைஞன் மெதுவாகப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் எரியும் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"கேட்டுக்கோ. நான் கத்தி வச்சது காலையில ஒன்பது மணிக்குடா."